மூன்றாவது அழைப்பு

பன்னிரண்டாம் எண் பேருந்தை ஓட்டுகிறவருக்கும் அறிவிப்பாளர் மைக்கம்மாவுக்கும் பதினேழு வருஷமாக ஒரே சண்டை. சண்டையும் மாறவில்லை, வசனமும் மாறவில்லை. அவர் அறிவிப்பு அறையின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்துக் கேட்பார்.

"ஏம்மா, மூணு தடவை கூப்பிடணுமா? ரெண்டு போதாதா?"

மைக்கம்மா மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பதில் சொல்வாள். "போதாது."

"ரெண்டு தடவையில வராதவன் மூணாவது தடவையிலயா வந்துடப் போறான்?"

"வருவாங்க. நீங்க போய் சீட்ல உட்காருங்க."

முணுமுணுத்துக்கொண்டே போய் உட்காருவார். அந்தப் பேருந்து நிலையத்தில் ஓட்டுநர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வண்டியின் எண்தான் ஆளின் பெயர். இவர் பன்னெண்டு. வெயில் அடித்தாலும் குறை சொல்வார், மழை பெய்தாலும் குறை சொல்வார், இரண்டும் இல்லாத நாளில் அதையே ஒரு குறையாகச் சொல்வார். ஆனால் மூன்றாவது அழைப்பு முடியும்வரை வண்டியை ஓரடி நகர்த்த மாட்டார். நகர்த்த முடியாது. அது அந்த நிலையத்தின் சட்டம்.

சட்டத்தைக் கொண்டுவந்தவள் மைக்கம்மாதான். சீப்பும் கைக்குட்டையும் விற்றுக்கொண்டு பேருந்து பேருந்தாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள் அவள். ஒருநாள் ஒலிபெருக்கி பழுதாகிப் போக, அறிவிப்பாளர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போய் உட்கார்ந்துவிட்டார். இவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, நடைமேடை நடுவில் நின்று ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டாள். குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பேர்ப்பட்ட குரல்! அன்றைக்கு இருந்த மேனேஜர் விஷயம் தெரிந்த மனிதர். அந்த அறிவிப்பாளர் ஓய்வு பெற்றதும் நாற்காலியை இவளுக்குக் கொடுத்தார். வேலைக்கு வந்த முதல் வாரமே இவள் அவரிடம் போய் நின்றாள்.

"ஒரு தடவை கூப்பிட்டா பத்தாது சார். மூணு தடவை கூப்பிடணும். மொதல் தடவை, பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு. ரெண்டாவது, கழிப்பறையிலயும் குழாயடியிலயும் இருக்கிறவங்களுக்கு. மூணாவது, வாசல் கேட்டுல இருந்து ஓடி வர்றவங்களுக்கு."

மேனேஜர் சிரித்தார். சிரித்துவிட்டு, "மூன்றாவது அறிவிப்பு முடியாமல் எந்த வண்டியும் நகரக் கூடாது" என்று சுவரில் எழுதிப் போட்டார்.

அந்த மூன்றாவது அழைப்பு எங்கிருந்து வந்தது என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில், அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அம்மாவைப் பார்க்க இதே கேட்டிலிருந்து அவள் ஓடி வந்தாள். கையெட்டும் தூரத்தில் வண்டி கிளம்பிப் போய்விட்டது. அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. அதைப் பற்றி அவள் யாரையும் நொந்துகொண்டதில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் மூன்றாவது முறையாகச் சொல்லும்போது மட்டும் அவள் கண் எப்போதும் கேட்டின் மேலேதான் இருக்கும்.

கடவுளோடும் அவள் இதே தோரணையில்தான் பேசுவாள். காலையில் தலை வாரும்போது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "கவனிக்கவும், கவனிக்கவும்" என்று ஆரம்பித்து அன்றைய தேவைகளை வரிசையாகச் சொல்லி முடிப்பாள். மூன்று முறை சொல்வாள். அவருக்கும் கூட்டம் ஜாஸ்தி, எங்கே எந்த வேலையாக இருக்கிறாரோ, யார் கண்டது?

அவள் புருஷனுக்குக் காது மந்தம். நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம் இயந்திரங்களுக்கு நடுவே நின்று வேலை பார்த்தவர். மில் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டது. அவர் காதும் ஏறக்குறைய கூடவே சாத்திக்கொண்டது. வீடு நிலையத்துக்குப் பின் தெருவில்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்காத மனுஷனுக்கு, ஒலிபெருக்கியில் வரும் பெண்டாட்டியின் குரல் மட்டும் நன்றாகக் கேட்கும். அதை வைத்துத்தான் அவருக்கு மணி தெரியும். எட்டே கால் வண்டியைக் கூப்பிட்டால் துணி துவைக்க உட்காருவார், பன்னிரண்டரை வண்டியைக் கூப்பிட்டால் அடுப்பைப் பற்ற வைப்பார். "நீ வீட்டுக்கு வரும்போது அந்த மைக்கையும் தூக்கிட்டு வந்துடு, குடும்பம் நல்லா நடக்கும்" என்று சிரிப்பார்.

அந்தக் குரல்தான் போனது.

கழுத்தில் ஒரு கட்டி. எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள், கட்டி கெட்டது இல்லை என்று தெரிந்ததும் வீடே மூச்சு விட்டது. ஆனால் மயக்கம் தெளிந்து, புருஷனைக் கூப்பிட அவள் வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. குரலுக்குப் போகும் நரம்போடு கட்டி ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததாம். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒளிக்காமல் சொன்னாள். "நரம்பு அறுபடலை. அசந்து போயிருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள முழிச்சுக்கலாம். முழிக்காமலும் போகலாம். எது நடக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

பேச முடியாத அறிவிப்பாளருக்கு நிலையத்தில் என்ன வேலை? நல்ல மனதோடு, பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைக்கும் அறையில் அவளை உட்கார வைத்தார்கள். தலைமை அலுவலகம் ஒரு வருஷம் தவணை கொடுத்தது. வருஷ முடிவில் அதிகாரி நேரில் வந்து கேட்பார். அதற்குள் குரல் வந்தால் நாற்காலி அவளுடையது. வராவிட்டால் அறிவிப்பாளர் என்ற வேலையே அந்த நிலையத்தில் இருக்காது, இயந்திரமே போதும். அதுவரைக்கும் என்று ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அது ஒவ்வொரு வண்டியையும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டது. ஓட்டுநர்களும் ஒரு தடவையிலேயே கிளம்பப் பழகிக்கொண்டார்கள். எப்போதோ நிறுத்திவிட்ட இருபத்தாறாம் எண் வண்டியையும் அது தினம் காலையில் தவறாமல் கூப்பிட்டது. வராத வண்டிக்கு ஒரு கிழவர் இரண்டு நாள் காத்துக் கிடந்துவிட்டு, இயந்திரத்தைத் திட்டிவிட்டுப் போனார்.

பொருள்கள் அறையில் குடைகள்தான் அதிகம். குடை, ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடி, ஒரு தடவை பல்செட்! அவற்றுக்கு நடுவே மைக்கம்மா உட்கார்ந்து, தண்ணீர் டம்ளருக்குள் உறிஞ்சு குழாயை விட்டு, டாக்டரம்மா சொன்னபடி குமிழி விட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாளைக்கு ஐந்து முறை. பிறகு வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனக வேண்டும். முனகலும் வராது, ஆனாலும் முனகுவாள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று கடவுளிடம் உதட்டை மட்டும் அசைப்பாள். உலகத்தைப் படைத்தவருக்கு உதட்டைப் படிக்கத் தெரியாதா என்ன?

இதற்கிடையில் ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். ஒருத்தி தேன் குடி என்றாள், இன்னொருத்தி தேனைத் தொடாதே என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "விதி அவ்வளவுதான், மனசைத் தேத்திக்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைக்கம்மாவுக்கு வந்த கோபத்துக்கு, குரல் மட்டும் இருந்திருந்தால் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தாள். நரம்பு அசையவில்லை. ஆறாம் மாதமும் பார்த்தாள். அசையவில்லை.

அன்றைக்கு மைக்கம்மா உடைந்து போனாள். அதை மறைத்துச் சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது? வீட்டுக்கு வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள். புருஷன் வைத்த தட்டைத் தள்ளினாள். மறுநாள் காலையில் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுத் தலை வாரினாள். கடவுளோடு பேச்சு இல்லை. டம்ளரில் குமிழியும் இல்லை. நாலு நாள் இப்படியே போயிற்று.

காது கேட்காத புருஷன், வாய் வராத பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சிலேட்டு. ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் சிலேட்டை அவள் மடியில் வைத்தார். அவள் ஒரே சொல் எழுதினாள். "முடியல."

அவர் படித்தார். காது கேட்காதவர் பேச்சு எப்போதும் உரக்கத்தான் இருக்கும். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "ரெண்டு தடவைதானே பாத்திருக்காங்க?"

அவள் முறைத்தாள்.

"என்னை ஏன் மொறைக்கிற? நீ போட்ட சட்டம்தானே? மூணாவது யாருக்குன்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சியே, அது அடுத்தவங்களுக்கு மட்டும்தானா?"

சிலேட்டுக் குச்சியை எடுத்து அவர் மேல் எறிந்தாள். அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்து திரும்பவும் அவள் கையிலேயே கொடுத்தார். அவளுக்கு அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் சத்தம் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் கண்ணாடி நேராகத் திரும்பியிருந்தது. நாலு நாள் பாக்கியையும் சேர்த்துக் கடவுளிடம் உதட்டை அசைத்தாள். அதில் கொஞ்சம் வசவும் இருந்திருக்கும்.

ஒன்பதாம் மாதம், டாக்டரம்மாவைப் பார்க்கப் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. பொருள்கள் அறைக்கு ஓர் ஆள் வந்து நின்றார்.

"நேத்து வண்டியில குடையை விட்டுட்டேன்."

இந்த மாதிரி சமயத்தில் நீட்டுவதற்கென்று அவள் கேள்விகள் எழுதிய ஓர் அட்டை வைத்திருந்தாள். அட்டை எங்கேயோ விழுந்து கிடந்தது. கை அதைத் தேடிக்கொண்டிருக்க, வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"எந்தக் கலர்?"

சொன்னது யார் என்று அவளே சுற்றிப் பார்த்தாள்.

"கறுப்பு" என்றார் அவர்.

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கறுப்புக் குடைதாம்மா, இல்லாட்டிப் பரவாயில்ல, விடுங்க, அதுக்கு எதுக்கு அழறீங்க?" என்று பதறிப் போனார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஒருத்தி பேசிய முதல் பேச்சு அது!

வந்தது பழைய குரல் இல்லை. கனத்து, கரகரத்து, அடித்தொண்டையில் உருளும் வேறொரு குரல். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் அறுந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "உள்ள யாரு, ஆம்பளைச் சத்தம் கேக்குது?" என்று விசாரித்தாள். மைக்கம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளி ஆட்கள் முன்னால் பழையபடி அட்டையையே நீட்டினாள்.

ஆனால் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. திரும்பி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த புருஷனிடம், "தண்ணி குடுங்க" என்று சும்மா தன் பாட்டில் சொன்னாள். அவர் டம்ளரை எடுத்து நீட்டினார். இருவரும் அப்படியே நின்றார்கள். கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் அவர் காதுக்கு ஏறாது, இந்தக் கனத்த சத்தம் ஏறியது. "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னாள். மூன்று முறை சொல்ல வைத்து, மூன்று டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

தவணையின் கடைசி நாள் வந்தது. காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை, கையில் கோப்பு வைத்திருக்கிற எல்லோரையும் போல ஓர் ஆள். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். மைக்கம்மா பதினோரு படி ஏறினாள். நாற்காலியில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கீழே மூன்றாம் பெஞ்சில், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு புருஷன் உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"வழக்கம் போல ஒரு வண்டியை அறிவிங்க. பத்து இருபதுக்குக் கிளம்பற வண்டி எது?" என்றார் அதிகாரி.

"பன்னெண்டு" என்றார் அருகில் நின்ற புது மேனேஜர்.

மைக்கம்மா பொத்தானை அழுத்தினாள். "கவனிக்கவும். பன்னிரண்டாம் எண் பேருந்து, இரண்டாம் நடைமேடையில் இருந்து புறப்படத் தயாராக உள்ளது."

வந்தது. ஆனால் அவள் வேண்டுமென்றே குரலை மேலே இழுத்திருந்தாள், பழைய மாதிரி கேட்க வேண்டுமே என்று. அதனால் கீச்சிட்டுப் பிசிறியது. கீழே யாரோ சிரித்தார்கள்.

இரண்டாவது தடவை இன்னும் மேலே இழுத்தாள். "கவனிக்கவும். பன்னிரண்டாம் எண்" என்றதோடு அறுந்தது. பிறகு காற்று. ஒலிபெருக்கி அந்தக் காற்றையும் நிலையம் முழுக்கக் கேட்க வைத்தது. அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது தாண்டிவிட்டது. கோப்பில் என்னமோ எழுதத் தொடங்கினார். இரண்டாம் நடைமேடையில் பன்னிரண்டாம் எண் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பன்னெண்டு போகப் போகிறார் என்று நினைத்தாள் மைக்கம்மா. ஒரு வருஷமாக ஒரே அழைப்பில் கிளம்பிப் பழகியவர், பதினேழு வருஷமாக இதற்குத்தானே சண்டை போட்டார். போகட்டும்.

வண்டியின் உறுமல் நின்றது.

ஓட்டுநர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டார். பயணிகள் சலசலத்தார்கள். மேனேஜர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏன்யா, நேரமாச்சே, எடுக்கலையா?" என்று கத்தினார்.

பன்னெண்டு இறங்கி வந்து வழக்கமான இடத்தில், ஜன்னலுக்குக் கீழே நின்றார். "மூணாவது அறிவிப்பு இன்னும் வரல சார்."

"ரெண்டாவதே முழுசா வரலையே!"

"அது எனக்குத் தெரியாது சார். மூணாவது முடியாம வண்டி நகரக் கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்கு. மைக்ல ஆள் இருக்கும்போது அதுதான் சட்டம். நான் சட்டப்படி நடக்கிறவன்."

சட்டப்படி நடக்கிறவராம்! பின்னால் நின்ற ஏழும் எஞ்சினை அணைத்தார். முப்பத்தொன்றும் அணைத்தார். அந்த நிலையத்தில் பகல் நேரத்தில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை. கேட்டுக்கு வெளியே காய் விற்கிறவரின் தராசுத் தட்டுச் சத்தம்கூடக் கேட்டது.

மைக்கம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது முதலில் கூச்சம் வந்தது. அப்புறம் அது போய், நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருஷம் முகம் தெரியாதவர்களுக்காக அவள் வண்டியை நிறுத்தி வைத்திருந்தாள். இன்று அவளுக்காக வண்டி நிற்கிறது. எதற்கு அந்தப் பழைய குரலைத் தேடி ஓட வேண்டும்? அது போய்விட்டது. இருப்பது இது. இதற்குத்தானே அந்த மனுஷன் மூன்று டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

வாயை மூடி ஒரு தரம் "ம்ம்ம்" என்றாள். அடித்தொண்டையில் உருண்டது. அதை மேலே இழுக்காமல் அப்படியே விட்டாள். பொத்தானை அழுத்தினாள்.

"கவனிக்கவும். பன்னிரண்டாம் எண் பேருந்து, இரண்டாம் நடைமேடையில் இருந்து புறப்படுகிறது. ஓடி வருகிறவர்கள் பதறாமல் வரவும். வண்டி நிற்கிறது."

கரகரவென்று, கனமாக, ஒரு சொல் அறுபடாமல் நிலையத்தின் கடைசிச் சுவர்வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கடைசி இரண்டு வாக்கியம் அறிவிப்பில் கிடையாது, அவளாகச் சேர்த்துக்கொண்டது. மூன்றாம் பெஞ்சில் புருஷன் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம், "கேக்குதா? எனக்கே கேக்குது! என் வீட்டுக்காரிதான்!" என்று கூவினார்.

கேட்டிலிருந்து ஒரு பெண் இரண்டு கையிலும் பையோடு ஓடி வந்தாள். கண்டக்டர் ஒரு பையை வாங்கிக்கொண்டு அவளை ஏற்றிவிட்டார். மைக்கம்மா அவள் படியில் காலை வைக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

அதிகாரியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேனாவை மூடினார். "அடுத்தது என்ன வண்டி?"

"ஏழு" என்றாள் மைக்கம்மா.

"அப்போ ஏழைக் கூப்பிடுங்க. ஏற்கெனவே அஞ்சு நிமிஷம் லேட்டு." மேனேஜர் பக்கம் திரும்பி, "அந்த மிஷினைக் கழட்டி அனுப்பிடுங்க. இல்லாத இருபத்தாறைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்குன்னு ஏகப்பட்ட புகார்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

கீழே பன்னிரண்டாம் எண் வண்டி உயிர் பெற்று உறுமியது. நகர்ந்து ஜன்னலுக்கு நேரே வந்ததும் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். கண் கலங்கியிருந்தது, கர்வத்துக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

"ஏம்மா, மூணு தடவை கூப்பிடணுமா? ரெண்டு போதாதா?"

மைக்கம்மா இந்தத் தடவை மைக்கைப் பொத்தவில்லை. பொத்தானை நன்றாக அழுத்திக்கொண்டு, நிலையம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"போதாது."